ஈரவேட்டியும் மின்சார விதியும்

என் தம்பி ஸ்ரீகண்டன் செத்தது விபத்து இல்லையாம். எலெக்ட்ரிக் ஆபீஸ் இஞ்சினியர் முத்திரை குத்தி எழுதியே கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பட்டப்பகலில் தெருவில் சுருண்டு விழுந்து செத்தானே, அதற்கு என்னதான் பெயர் என்று கேட்டேன். ‘சம்பவம்’ என்றார்கள். கல்யாணத்துக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்களோ என்னவோ.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதிமூன்று, மழை பிடிக்கும் இடவ மாதம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அப்பா சாம்பசிவனும் தம்பியும் இருந்த வீட்டிலிருந்து குளம் கூப்பிடு தூரம். குளித்து, ஈரவேட்டியோடு கோயிலுக்குப் போய்த் தொழுதுவிட்டுத்தான் அந்தத் தெருவில் யாரும் காப்பி குடிப்பார்கள். குளத்துப் படிக்கு மேலே ஒரு இரும்புக் கம்பம். அது சாயாமல் இருக்க, உச்சியிலிருந்து தரைக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அன்று நல்ல மழை. படியேறி வந்த ஸ்ரீகண்டன் பாசியில் வழுக்கி அந்தக் கம்பியைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பிச்சுமணி உள்ளே ஓடித் துணி உலர்த்தும் மூங்கிலை எடுத்து வந்து கையைத் தட்டிவிட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது.

‘அபாயகரமான விபத்து’ என்று பதிவானால் விதிப்படி அன்றைக்கே அங்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்க வேண்டும். பதிவாகாவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதனால் யாரும் எதுவும் செய்யவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கர்மம் செய்யும் கொடுமை அப்பாவுக்கு வாய்த்தது. பத்து நாளும் அவர் அதே குளத்தில் முழுகி, அதே கம்பியை ஒட்டினாற்போல, ஈரவேட்டியோடு நடந்து வரவேண்டும். கண்ணும் சரியாகத் தெரியாது. நாலு குடம் தண்ணீரை வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். பிள்ளைக்குச் செய்வதில் குறை வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குக் கல்யாணமாகிப் பழவங்காடியில் குடித்தனம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நான்காம் நாளே எலெக்ட்ரிக் ஆபீஸில் போய் நின்றேன்.

இஞ்சினியர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், வருத்தம் தெரிவித்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, விபத்து என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தார். மின்சாரத்தால் நேரும் மரணம் விபத்து. ஆனால் செத்தவருடைய கவனக்குறைவால் நேர்ந்திருக்கக் கூடாது. ஈரத்துணி கவனக்குறைவு. வெறுங்கால் அதைவிடப் பெரிய கவனக்குறைவு.

அவர் நெற்றியில் காலையில் இட்ட சந்தனம் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க இன்னிக்குச் செருப்புப் போட்டுண்டா தொழுதேள்?” என்று கேட்டேன்.

“அது வேற விஷயம் அம்மா. சட்டம்னு ஒண்ணு உண்டல்லோ” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

வெளியே வந்தபோது லைன்மேன் தாசையன் பின்னாலேயே வந்தான். பாறசாலைக்காரன், எங்கள் தெருக் கம்பங்களெல்லாம் அவன் பொறுப்பு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “டீச்சரம்மா, கம்பத்து மேல லைன் தாங்குத பீங்கான் கீறிக் கெடக்கு, கரண்ட் எறங்குதுன்னு நான் மூணு பிராவசியம் எழுதிக் குடுத்தேனாக்கும். மூணு தடவயும் ஆளுக்கு ஒண்ணும் பற்றல்லியே, பின்ன என்ன அபாயம்னு திருப்பி அனுப்பிட்டாவ.”

யாரும் சாகாதபோது, சாகவில்லை என்பதால் அபாயம் இல்லை. செத்த பிறகு, நனைந்து செத்தான் என்பதால் விபத்து இல்லை. சட்டத்துக்கு ஒத்துவருகிற மாதிரி சாக என் தம்பிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

மறுநாளிலிருந்து அப்பா குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கம்பிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். தெருவில் சிலர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினேன். ஒன்பதாம் நாள் இஞ்சினியரிடமிருந்துதான் பதில் வந்தது: கம்பியைச் சோதித்ததில் கோளாறு ஏதும் இல்லை, விஷயம் இத்துடன் முடிந்தது.

பத்தாம் நாள் காலை தாசையன் ஏணியோடு வந்தான். ஈரத்துணியுடன் கம்பியைத் தொடாதே என்று இங்கிலீஷில் எழுதிய பலகை ஒன்றைக் கம்பத்தில் மாட்டவேண்டுமாம். குளிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பாஷை தெரியாது. அவன் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டிருந்தான். கோளாறில்லாத கம்பிக்குக் கையுறை எதற்கு என்று கேட்டேன். பையிலிருந்து தனக்கு வந்த உத்தரவை எடுத்து நீட்டினான். கம்பியில் மின்சாரம் கசிவதால் கையுறை இன்றி அருகில் போகக் கூடாது என்று இருந்தது. எனக்கு வந்த கடிதத்தில் இருந்த அதே தேதி, அதே கையெழுத்து.

இடுப்பில் செருகியிருந்த என் கடிதத்தையும் உத்தரவையும் சேர்த்துப் பிடித்து அவனுக்கே வாசித்துக் காட்டினேன். அப்பா அப்போது குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். தாசையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். “வேல போனா போட்டும்” என்று சொல்லி ஏணியைக் கீழே போட்டான். பத்தடி தள்ளியிருந்த டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திறந்து பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

தெருவில் மின்சாரம் நின்றது. தெருக்கோடி வக்கீல் வீட்டு மின்விசிறியும் நின்றது. ஒரு உயிர் போயும் ஒன்பது நாளாக எட்டிப் பார்க்காத இஞ்சினியர், மின்விசிறி நின்றதும் அரைமணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். கூட்டம் கூடிவிட்டது. வக்கீலும் விசிறிமட்டையோடு வந்து நின்றார். இஞ்சினியர் தாசையனைப் பார்த்து, யார் சொல்லிச் செய்தாய், உடனே பியூஸைப் போடு என்று சத்தம் போட்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேராகப் போய் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பியூஸ் இன்னும் தாசையன் கையில்தான் இருந்தது.

“கோளாறு இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கேள்” என்றார் அப்பா. “நான் நனைஞ்சுதான் நிக்கறேன். போடச் சொல்லுங்கோ.”

இஞ்சினியர் கையை எடுக்கச் சொன்னார். அப்பா எடுக்கவில்லை. தாசையன் பெட்டிக்கு முன்னால் பியூஸைத் தூக்கிப் பிடித்தபடி, “போடட்டா, சார்?” என்று கேட்டான்.

இஞ்சினியர் முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாம்” என்றார். யாருக்கும் கேட்கவில்லை என்றேன். “போடாதே, ஆள் செத்துப்போகும்” என்று கத்தினார்.

அவருடைய கடிதத்தைத் திருப்பி, அவர் சொன்னதை அப்படியே பின்பக்கத்தில் எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்கு முதலில் வக்கீலிடம்தான் நீட்டினேன். அவர் விசிறிமட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பேனாவை வாங்கிக்கொண்டார்.