மிதியில் யார் கால்

மயில்வாகனம் நடந்துகொண்டிருந்தான். தாமல் ஏரிக்கரை, காலை வெயில், காலடியில் ஈரமண். இடது, வலது, இடது. கண்ணை மூடிக்கொண்டு தறியில் உட்கார்ந்தால் தினமும் இப்படித்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் மூன்று வருஷம் ஆனவனுக்கு ஊர் சுற்ற வேறு வழி ஏது?

தறிக்குழிக்குள் மிதியை மிதித்தவை அவன் மனைவி நீலாம்பாளின் கால்கள். பலகையில் இருவரும் தோளுரச உட்காருவார்கள். அவள் மிதித்துப் பாவு இழைகளைப் பிரிப்பாள், அவன் நடுவே ஊடைநூல் நாடாவை எறிவான். பைக்கிலிருந்து விழுந்து அவன் முதுகெலும்பு முறியும்வரை, அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனவள். இப்போது இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் கூலி வாங்குகிறார்கள். ஃப்ரிட்ஜ் போயிற்று, இரண்டு அறை வீடு ஓர் அறை வீடாயிற்று. மருந்துக்கும் ஆஸ்பத்திரி ஆட்டோவுக்கும் அரசாங்க உதவித்தொகைதான் கதி.

அதைத் தொடரலாமா என்று பார்க்கத்தான் அன்று தாலுகா ஆபீஸிலிருந்து அகிலா படிவத்தோடு வந்திருந்தாள். வாசலிலேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாத்தானே நெய்யறீங்கண்ணா! அக்கா கரை போடறாங்களா?"

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குக் கரை போடப் பக்கத்தில் இன்னொருவர் தனிக் கூலிக்கு உட்காருவது காஞ்சிபுரத்தில் வழக்கம். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ‘சம்பாதிப்பவர்: இருவர்’ என்று எழுதிவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் வருமானம் இருக்குது. இனிமே உதவித்தொகை வர்றது கஷ்டம்கா."

வெளியாள் முன்னால் புருஷனுக்கு முடியாது என்று நீலாம்பாள் எப்படிச் சொல்வாள்? வீண் ரோஷம்தான். ஆனால் அந்த ரோஷத்தில்தான் அந்த வீடு மூன்று வருஷமாக நிமிர்ந்து நின்றது. நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நீலா, கால எடு," என்றான் மயில்வாகனம்.

"சும்மா இருங்க."

"எடும்மா. அவங்க பாக்கட்டும்."

எடுத்தாள். அவன் நாடாவை எறிந்தான். இழைகள் பிரியாமல் நின்றதால் அது முட்டிக்கொண்டு அவன் மடியிலேயே விழுந்தது. அகிலா குனிந்து குழிக்குள் பார்த்தாள். மிதிக்கு மேலே தூக்கிப் பிடித்த இரண்டு கால்கள். ஓரமாக, நழுவாமல் இருக்கத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கால்கள்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு ‘இருவர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒருவர்’ என்று எழுதினாள்.

"பணம் வந்துக்கினே இருக்கும்ணா. நான் பாத்துக்கறேன்."

அவள் போனதும் நீலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். மயில்வாகனம் கண்ணை மூடினான். ஏரி இருந்தது, கரை இருந்தது, வெயிலும் இருந்தது. அவனைத்தான் காணோம். கரைமேல் நீலாம்பாள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷ தூரத்தையும் அவள்தான் நடந்திருந்தாள்.

"கால் வலிக்குதாம்மா?"

மிதி நிற்கவில்லை.

"இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் அவள்.