ஆயிரத்து இருநூறு கிராம் அடி

அன்று நீதிமன்றத்தில் எட்டுப் பேர் இருந்தோம். நீதிபதி, அரசு வக்கீல், என் வக்கீல், எழுத்தர், டவாலி, சிவனணைந்தான், என் மனைவி ஆவுடையம்மாள், நான். இவர்களைத் தவிர, ஐந்து வருடத்துக்கு முன்பு நான் சிவனணைந்தானை அடித்த அடியும் அரக்கு முத்திரை வைத்த பையில் மேசை மேல் இருந்தது. அதன் எடை ஆயிரத்து இருநூறு கிராம்.

நான் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவன். சிவனணைந்தான் டோக்கன் இல்லாமல் வண்டி கேட்டார். மறுத்தேன். கத்தியை உருவினார். காற்றடிக்கும் பம்பால் அவர் தோளில் ஒரு முறை அடித்தேன். தற்காப்பு என்று சொல்பவர் தீர்ப்பு நாளில், தராசில் அடிக்கு எதிர்த்தட்டில் தன் பயத்தை வைக்க வேண்டும். பயம் சமமாகவோ கூடவோ இருந்தால் விடுதலை. குறைந்தால் கிராமுக்கு ஒரு நாள் சிறை.

வழக்கு அறுபத்தொரு வாய்தா போயிற்று. பயம் அவ்வளவு காலம் தாங்காது. அதனால் சிவனணைந்தான் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து மிரட்டிவிட்டுப் போவார்.

"ஒம்ம பயம் எடை கொறஞ்சா எனக்குத்தான் அசிங்கம், அண்ணாச்சி. பஜார்ல எவன் என்னய மதிப்பான்?" என்பார்.

மொத்தம் இருநூற்று ஐம்பத்தேழு தடவை வந்தார். முதல் வருடம் நன்றாக நடுங்கினேன்.

"கையக் கால முறிச்சிருவேன், அண்ணாச்சி."

"முறிக்கிறது இருக்கட்டும். இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கட்டா, தம்பி?" என்பாள் ஆவுடையம்மாள்.

போகப்போக, அவர் வரத் தாமதமானால் நான் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். தீர்ப்புக்கு முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று நீதிமன்றத்தில் உள்ளங்கைகளைத் தராசுத் தட்டில் வைத்தேன். பயம் இறங்கியது. ஆயிரத்து நானூற்று முப்பது கிராம்.

அரசு வக்கீல் எழுந்தார். "இதுல கேஸ் பயம் எவ்வளவு, கத்திப் பயம் எவ்வளவுன்னு பிரிக்கணும், ஐயா."

நீதிபதி என்னைப் பார்த்து, "உங்களுக்கு விடுதலை" என்றார். பிரிப்பதற்கு அப்படிச் சொல்வது வழக்கம். வழக்கைப் பற்றிய பயம் தட்டை விட்டுப் போனது. நாற்பது கிராம் நின்றது. ஆயிரத்து நூற்று அறுபது நாள் என்று கணக்குப் போட்டேன். போனது உடனே திரும்பி வந்தது. எழுத்தர் அதைத் தனியே ஒதுக்கினார். ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாப்பதா?" என்றார் சிவனணைந்தான். எழுந்தார். "எத்தன சனிக்கெழம வந்திருப்பேன்! நாப்பது கிராமா, வே?"

மிரட்டும்போதுகூட 'அண்ணாச்சி' என்பாரே தவிர, அவர் என்னை 'வே' என்று கூப்பிட்டதில்லை. கூண்டைத் தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார். அது சைக்கிள் ஸ்டாண்டில் பார்த்த அதே முகம். என் கைகள் தட்டிலேயே இருந்தன. தட்டு இறங்கியது.

"ஆயிரத்து இருநூற்றுப் பத்து" என்று எழுத்தர் படித்தார். நீதிபதி விடுதலை என்று எழுதினார்.

"வலிச்சுதா, அண்ணாச்சி?" என்று சிவனணைந்தான் என் காலரை நீவிவிட்டார்.

கூடுதல் பயத்தை நீதிமன்றம் வைத்துக்கொள்வதில்லை. யாரால் உண்டானதோ அவரிடம் கொடுத்துவிடுவார்கள். எழுத்தர் பத்து கிராமையும் காகிதத்தில் மடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சிவனணைந்தானிடம் கொடுத்தார். அதுவரை அவர் பயத்தைக் கையில் வைத்திருந்ததில்லை.

பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தார்.

"டிரைவர மெதுவாப் போகச் சொல்லுங்க, மதினி" என்றார்.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, பக்கத்து மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்தோம். பதினான்கு கிராம் இருந்தது.