போடியார் கைக் குளிசை

எலிக்காய்ச்சல் ஆள் பார்த்துப் பிடிக்காது என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். சுத்தப் பொய். அது ஆள் பார்த்துத்தான் பிடிக்கும். சேற்றில் இறங்குகிறவனைப் பிடிக்கும், வரம்பில் நிற்கிறவரை விட்டுவிடும். டொக்டர் முஸ்பிறாவுக்கு இது விளங்கியபோது குணத்தின் கண்கள் மஞ்சளாகி, சிறுநீரும் நின்றுபோயிருந்தது.

குணம் சொறிக்கல்முனை ஆள். நாவிதன்வெளிப் பக்கம் நிறையக் காணி வைத்திருக்கும் ஒரு போடியாரின் வயலை வருடக்கணக்காகச் செய்து கொடுப்பவன். காய்ச்சலோடு வீட்டில் கிடந்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அவன் மனைவி யோகராணி ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். வார்டில் அப்போது முஸ்பிறாதான் கடமையில் இருந்தாள். இத்தனை நாள் ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று சத்தம் போட்டாள். இந்தக் காய்ச்சல் வராமல் தடுக்கத்தானே குளிசை இருக்கிறது, வயலில் இறங்குவதற்கு முன்பே தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், அரசாங்கம் சும்மா தருகிறது, அதைப் போட என்ன கேடு என்றும் கேட்டாள்.

"போட்டவர்தான் டொக்டர்," என்றாள் யோகராணி. "காய்ச்சல் வந்த அண்டைக்குப் போடியார் குடுத்தவரு. இதப் போட்டுட்டுப் படு, ஆஸ்பத்திரிக்கு அலையத் தேவையில்ல எண்டவரு. நல்ல மனிசன்."

எந்தப் போடியார் என்று முஸ்பிறா கேட்டாள்.

"கல்முனை ஸைனுலாப்தீன் போடியார்."

முஸ்பிறாவின் வாப்பா. இவன் விளைவித்த நெல்லைத் தின்று வளர்ந்தவளுக்கு இவன் முகம் தெரிந்திருக்கவில்லை. இரத்தம் சுத்திகரிக்க அவனைத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனாள்.

போடியார் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் கதைத்தார். போகம் தொடங்கும் கூட்டத்தில் காணிக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் அவர்களுடைய வேலையாட்களுக்கும் சேர்த்துக் குளிசை கொடுப்பார்கள். தன் பங்கை அவர் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்குப் பிறகு தவறாமல் விழுங்கி வந்தார். வேலையாட்களின் பங்கை வீணாகக் கூடாதென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். காய்ச்சல் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் அல்லவா. நோய் இல்லாதவனுக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா என்று மகளையே திருப்பிக் கேட்டார்.

"அப்ப நீங்க ஏன் வாப்பா போட்டீங்க? உங்களுக்கு என்ன நோய்?"

"நான் சீனி வருத்தக்காரன் மகள். கவனமா இரிக்கணும்தானே."

அவர் கெட்டவர் என்றால் முஸ்பிறாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குணத்தின் வீட்டுக்குக் கூரைத் தகடு வாங்கிக் கொடுத்தவர் அவர். அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது கதிரையில் அமர்ந்து நெடுநேரம் அழுதவரும் அவர்தான். அழுகிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மரணத்தை விசாரித்தவர்கள், நோயாளி தாமதித்து வந்தார் என்று முடித்துக்கொண்டார்கள். செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டாயிற்று, எல்லாருக்கும் நிம்மதி.

தோல் வைத்தியம் படிப்பதுதான் முஸ்பிறாவின் திட்டமாக இருந்தது. சரியாகச் சொன்னால் வாப்பாவின் திட்டம். மகளுடைய கிளினிக்குக்கென்று தன் கடையின் மேல்மாடிக்கு அவர் கண்ணாடி போட்டு, குளிரூட்டியும் பூட்டி வைத்திருந்தார். அவள் அதை விட்டுவிட்டு, ஒருவரும் கேட்டுப் போகாத தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே ஒரு மேசையும் சுழலாத மின்விசிறியும் கிடைத்தன. குளிசையைச் சேற்றில் இறங்குகிறவர்களின் கையிலேயே கொடுங்கள் என்று போகிற இடமெல்லாம் கத்தினாள். வேலையாட்கள் இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு ஒரு வயல், அவர்களை எங்கே தேடுவது என்றார்கள். காய்ச்சல் அவர்களைத் தேடிப் பிடிக்கிறதே, உங்களால் முடியாதா என்றாள். வாய்க்காரி என்று பெயர் வந்தது.

அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு அவளே போனாள். முன்வரிசையில் வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்தி இருந்தார்.

"சேத்துக்குள்ள இறங்கிற ஆக்கள் கைய உசத்துங்க," என்றாள்.

ஒரு கையும் எழும்பவில்லை.

"குணம் எங்கட வாப்பாட வயல்லதான் வேல செஞ்ச. குளிச எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள இருந்த. டொக்டர்ர வீட்டுலயே இப்பிடி எண்டா மத்த வீடுகள யோசிச்சுப் பாருங்க."

போடியார் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். உம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். ஆனால், வயலுக்கே போய்க் குளிசை கொடுக்க அனுமதி கிடைத்தது. வென்றுவிட்டோம் என்று முஸ்பிறா நினைத்தாள்.

வரம்பு செதுக்கும் நாளில் குளிசைப் பெட்டியோடு முதலில் வாப்பாவின் வயலுக்கே போனாள். ஒருவரும் கை நீட்டவில்லை. மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். குணத்தின் இடத்தில் இப்போது யோகராணி வேலைக்கு வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு. குளிசைதான் குணத்தைக் கொன்றது என்று ஊருக்குள் கதை பரவியிருந்தது. முஸ்பிறா விளக்கினாள், படம் காட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் ஏசவும் செய்தாள்.

"நீங்க சொல்றது விளங்குது டொக்டர்," என்றாள் யோகராணி. "ஆனா அவர் கடைசியா முழுங்கினது இதத்தான். எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது."

அப்போது வரம்போரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. போடியார். மகளை அவர் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினார், சாரத்தை மடித்துக் கட்டினார், இத்தனை வருடமும் கால் வைக்காத சேற்றில் தடுமாறி இறங்கினார். மகளின் கையிலிருந்து குளிசையை வாங்கி, யோகராணியின் போத்தல் தண்ணீரோடு விழுங்கினார்.

"அண்டைக்கு நான் குடுத்தது பிந்திப் போச்சு புள்ள," என்றார் அவளிடம். "குளிசையில பிழையில்ல. பிழை என்னிலதான்."

யோகராணி சேற்றுக் கையை உடுப்பில் துடைத்தாள். துடைத்த கையை நீட்டினாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். எல்லாரும் போடியாரின் கையிலிருந்துதான் வாங்கினார்கள். முஸ்பிறா பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சந்தோசம் வந்திருக்க வேண்டும், வந்தது ஆத்திரம்தான். அவள் படித்த படிப்பும் கத்திய கத்தலும் ஒரு தொண்டையிலும் இறங்கவில்லை. எந்தக் கையை விலக்க இத்தனை பாடுபட்டாளோ அந்தக் கைதான் தேவைப்பட்டது.

அடுத்த வரம்பில் குடையோடு ஒருவர் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வயல் ஆர்ட வாப்பா?" கூட்டத்துக்குப் பிறகு வாப்பாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"காலிதீன் போடியார்ர."

"அவர் இறங்குவாரா?"

போடியார் சேற்றுக்குள் புதைந்திருந்த தன் கால்களைப் பார்த்தார்.

"இறங்க மாட்டான் மகள்."

முஸ்பிறா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வரம்பை நோக்கி நடந்தாள்.