பூசாத பக்கம்

இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, வலது காலைப் பின்னுக்கு வைத்து, குதிக்கால் எழும்பாமல் முன்னுக்குச் சாய்ந்தபோது மறுபக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏய் பிரியந்தினி! என்ரை சுவரைத் தள்ளாதை!"

முப்பது வரைக்கும் எண்ணி முடித்துத்தான் வாயைத் திறந்தேன். "தள்ளேல்லை. கெண்டைக்காலை இழுக்கிறன்."

"உன்ரை காலை உன்ரை சுவரிலை இழு. இஞ்சை திருஇருதயப் படம் ஆடுது."

"ஆடினால் கழட்டி வை."

குருநகர் வீட்டை அம்மா எங்கள் இருவருக்கும் பாதி பாதியாகச் சீதனம் எழுதிவைத்தார். அவர் கண்மூடி, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமையே மரியநாயகி அக்கா மண்டபத்தின் நடுவில், தன் பாதிக்குள், நாலங்குலக் கல்லால் சுவர் எழுப்பினாள். தன் பக்கம் பூசி நீலம் அடித்தாள். என் பக்கத்தைக் கல்லாகவே விட்டாள். நானும் பூசவில்லை. பூசினால் அந்தச் சுவரை ஒத்துக்கொண்டதாகிவிடும். ஏழு வருசமாக, சாந்து பிதுங்கிய அந்தக் கல்லைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

நண்டுக் கம்பனியில் சதை எடுக்கிற வேலை எனக்கு. ஈரச் சீமெந்தில் எட்டு மணித்தியாலம் நிற்கவேண்டும். கெண்டைக்கால் இறுகி, காலையில் குதியை ஊன்றவே முடியவில்லை. "திங்கட்கிழமை நிக்க ஏலுமெண்டால் வாங்கோ. இல்லாட்டி வேறை ஆளைப் போடுறன்" என்று மேற்பார்வையாளன் சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் பயிற்சி காட்டிய தக்சாயினி என்ற பிள்ளை, "ஒரு காலுக்கு மூண்டு தரம் அன்ரி, விடாமல் செய்யுங்கோ. உறுதியான சுவர் ஒண்டு இருந்தால் போதும்" என்றாள். உறுதியான சுவர் குசினியிலும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த நாள் நானே அங்கே போயிருப்பேன். தள்ளாதே என்றாளே, இனி எப்படிப் போவது?

அடுத்த மூன்று நாளும் நான் கை வைத்த நேரமெல்லாம் அவள் தும்புத்தடியால் சுவரில் இடித்தாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். குதி மெல்ல மெல்ல இளகியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதற்பூசைக்குப் போவாள், நான் இரண்டாம் பூசைக்கு. கோயிலில் ஒரே வாங்கிலில் இருக்க நேரக் கூடாதென்று இருவரும் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு. அன்று நான் திரும்பி வந்து கதவைத் திறந்தால் தரையெல்லாம் கல்லுத் தூள். அவளின் மகன் ஜெரிசன் ட்றில் மெசினோடு படலையால் வெளியே போனான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

சுவரில் இரண்டு ஆறங்குல ஆணிகள் என் பக்கம் எட்டிப் பார்த்தன. நான் கை ஊன்றுகிற அதே இடம், அதே இடைவெளி. என் பக்கத்துக்கு அவள் வந்து ஏழு வருசம். எப்படித் தெரிந்தது? பிறகு விளங்கியது. நாங்கள் இருவரும் அம்மாவின் உயரம். நீலச் சுவரில் தன் கைகளை ஊன்றிச் சாய்ந்து பார்த்து அடையாளம் போட்டிருக்கிறாள்.

ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பூசைச் சேலையோடே போய், இரண்டு ஆணிகளுக்கும் நடுவில் கைகளை ஒடுக்கி ஊன்றினேன். முகத்துக்கு இரு பக்கமும் இரும்பு. வலது காலைப் பின்னுக்கு வைத்துக் குதியை அழுத்தினேன். மறுபக்கத்தில் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

"ஒண்டு" என்றேன், அவளுக்குக் கேட்க.