குழிமுழுங்கியின் வெள்ளைத் திட்டுகள்

விளையாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்புப் பக்கங்கள் சனிக்கிழமை மாலை ரோகிணியின் போனுக்கு வந்தன. அவள் நேராகக் குழிமுழுங்கியைத் தேடிப் போனாள். ஆறு வருஷமாக அவள் கதையில் வளர்த்த மிருகம் அது.

படத்தைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. கருத்த, பெரிய உடம்பு. கைகளிலும் உதட்டோரத்திலும் கண்களைச் சுற்றியும் வெள்ளைத் திட்டுகள். கீழே புதிதாக ஒரு விதி: ‘இதைத் தொட்டவர் உடம்பிலும் வெள்ளை படரும். படர்ந்தவரை எந்தக் கோட்டைக்குள்ளும் சேர்க்க மாட்டார்கள்.’

ரோகிணி போனைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அதே வெள்ளை. உதட்டோரத்திலும் உண்டு. ஒன்பது வயதில் வந்தது. அது யாரிடமிருந்தும் அவளுக்கு வரவில்லை, அவளிடமிருந்து யாருக்கும் போகாது. இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

அவனியாபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. அங்கே கையுறை போட்டிருப்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையுறை இல்லாமல் அவள் நாலு பேர் நடுவில் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று அவள் வீட்டு மாடியில் ‘ஏழு கோட்டை’ நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ வைத்தியச்சியாகவோ மாறிப் பேசுவார்கள். சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும். கதை நடத்துவது ரோகிணி.

முதல் பதிப்பில் குழிமுழுங்கிக்கு மூன்றே வரிகள். பக்கத்தில் மிஞ்சிய இடத்தை அடைக்கப் போட்டது போலிருக்கும். ‘குழியில் கிடக்கும். விழுந்ததைத் தின்னும். கொன்றால் சிறிய பரிசு.’ யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்திருளனின் வீரன் அந்தக் குழிக்குள் விழுந்தான். முத்திருளன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய வீரனின் கத்தி குழிக்கு வெளியே கிடந்தது.

“என்ன செய்றீங்கண்ணே?” என்றாள் ரோகிணி.

“சாப்டியான்னு கேக்குறேன்.”

எதிரே இருந்த நாகஜோதி சிரித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். “அண்ணே, அது உங்களத்தான் சாப்பிடப் போவுது.”

“அதான் கேக்குறேன். பசியில இருக்கிறவன்கிட்ட வேற என்னத்தக் கேக்க? நம்ம ஊர்ல எதிராளி வீட்டுக்கே வந்தாலும் மொதல்ல அதத்தான கேப்போம்?”

புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. ரோகிணி பகடையை உருட்டினாள். பெரிய எண் விழுந்தது. குழிமுழுங்கி முதன்முதலாக வாயைத் திறந்து பேச வேண்டியதாயிற்று. “இல்ல” என்றது. “யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.”

ஒரு வாய் வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பது அதைச் சொல்கிறவருக்குத் தெரிவதில்லை. கடவுள் அதை அப்படித்தான் வைத்திருக்கிறார். முத்திருளன் வேடிக்கையாகக் கேட்டதை மறந்துபோனார், மிருகம் மறக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அது குழியில் விழுந்தவர்களைத் தோளில் ஏற்றி வெளியே விட ஆரம்பித்தது. ரோகிணி அதை இணையத்தில் எழுதிப் போட்டாள். திருநெல்வேலியில் ஆடுகிறவர்கள் அதற்கு ஒரு குட்டியைக் கொடுத்தார்கள். ஈரோட்டில் அதற்கு இடியென்றால் பயம் வந்தது. இரண்டாம் பதிப்பில் கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் சேர்த்து அரைப் பக்கம் ஒதுக்கி, அடியில் ரோகிணியின் பெயரையும் அச்சடித்தார்கள். அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது மூன்றாம் பதிப்பு. அதே பெயர், இந்தப் படத்துக்கு அடியில்.

அவள் ஆலனைப் போனில் கூப்பிட்டுப் படத்தைப் பற்றிக் கேட்டாள். புத்தகத்தைத் தயாரிக்கிறவன் அவன். சென்னையிலிருந்து அன்றுதான் மதுரைக்கு வந்திறங்கியிருந்தான். மறுநாள் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு காபிக் கடை மாடியில் முன்னோட்ட ஆட்டம். நடத்தப் போவது ரோகிணிதான்.

“அக்கா, சத்தியமா யாரும் உங்கள நெனச்சு வரையல” என்றான் ஆலன். குரலில் பதற்றம். “வரைஞ்சவரு உங்களப் பார்த்ததே இல்ல. முதலாளிக்கு ஆடுறவங்களப் பயங்காட்டுற மாதிரி ஏதாச்சும் வேணுமாம்.”

“என்னைய நெனச்சு வரைஞ்சிருந்தா ஒரு ஆளு மேல கோவம்னு விட்டுருவேன் தம்பி. யாரையுமே நெனைக்காம வரைஞ்சிருக்காரு பாருங்க.”

“நாளைக்குச் சாயங்காலம் ஃபைல் அச்சுக்குப் போகணும். ஆட்டத்த ஒரு தடவ நடத்திப் பார்ப்போமே. ஆடுறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுப் பேசலாம்க்கா.”

அவள் ஒத்துக்கொண்டாள். அவனைக் கஷ்டப்படுத்த அவளுக்கு மனமில்லை.

ஞாயிறு மதியம் காபிக் கடை மாடியில் மேசை நிரம்பியிருந்தது. முத்திருளனும் நாகஜோதியும் வந்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து இரண்டு புதியவர்கள்: தமிழ்ச்செல்வி என்ற பெண், அவளுடைய வகுப்புத் தோழன் அழகுபாண்டி. ஆலன் ஓரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

கதை நன்றாகத்தான் போயிற்று. தமிழ்ச்செல்வியின் வைத்தியச்சி குழிக்குள் இறங்கினாள். மிருகத்தின் படமும் விதியும் அச்சடித்த அட்டையைப் பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். அழகுபாண்டி எடுத்துச் சத்தமாகப் படித்தான். ‘தொட்டவர் உடம்பிலும் வெள்ளை படரும்.’ படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். பிறகு அவன் கண் ரோகிணியின் கைக்குப் போயிற்று. சட்டென்று தலை குனிந்துகொண்டான்.

தமிழ்ச்செல்விக்குப் பகடை வேண்டும். அது ரோகிணியின் உள்ளங்கையில் இருந்தது. ரோகிணி நீட்டினாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. ஆனாலும் அவள் விரல்கள் பாதியில் ஒரு கணம் தயங்கின. பிறகு நகத்தின் நுனியால், தோலில் படாமல், பகடையை மட்டும் கிள்ளி எடுத்தாள்.

முத்திருளன் தொண்டையைச் செருமினார்.

ரோகிணி அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். “இந்த விதிய நான் நடத்த மாட்டேன்.”

ஆலன் எழுந்து வந்தான். “அக்கா, தப்பா போச்சு. நான் பார்த்தேன். இப்பவே சரி பண்ணிடுறேன். முதலாளிகிட்ட ஒண்ணும் கேக்க வேணாம், படத்துல அந்தத் திட்டுங்கள மட்டும் கறுப்பாக்கிடுறேன். அஞ்சு நிமிஷ வேல. யாருக்கும் எதுவும் தோணாது.”

“வேணாம்.”

“அக்கா?”

“திட்டு இருக்கட்டும்.”

ஆலனுக்குப் புரியவில்லை. நாகஜோதிக்கே புரியவில்லை. “ஏன் ரோகிணி? அழிக்கிறேன்னுதான சொல்றாரு?”

“சின்னப் பிள்ளையில இருந்து எல்லாரும் எனக்கு இதத்தான் சொல்லிருக்காக. அதத் தடவு, இதப் பூசு, முழுக்கை போடு, யாருக்கும் தெரியாதுன்னு. ஒளிச்சு வச்சா நல்லவ, வெளிய தெரிஞ்சா ஒட்டிக்குவேன், அப்படித்தான? அழிக்க வேண்டியது படத்த இல்ல தம்பி. கீழ இருக்குற பொய்ய.”

“அந்த விதிதான்க்கா முதலாளி ஆசையா வச்சது. ஆடுறவங்க பயப்படணும், பயந்தாதான் விக்கும்ங்குறாரு. அத எடுத்தா என் வேலைக்கே—”

“பயப்படட்டும். இருட்டுக்குப் பயப்படட்டும், குழிக்குப் பயப்படட்டும். பல்லு வேணா இன்னும் நாலு வையுங்க. என் கையப் பார்த்துப் பயப்படச் சொல்லி, அதுக்கடியில எம்பேரப் போட விடமாட்டேன். விதி நிக்கும்னா எம்பேர எடுத்துருங்க. இந்த ஆறு வருஷத்துல நாங்க குடுத்தது அம்புட்டையும் எடுத்துருங்க. அந்தப் பழைய மூணு வரியோட அச்சடிச்சுக்கங்க.”

அவள் குரல் உயரவில்லை. அந்தப் பெயர் அச்சில் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று முத்திருளனுக்குத் தெரியும். இரண்டாம் பதிப்பை அவள் அவருடைய ஆட்டோவில்தான் பிரித்துப் பார்த்தாள், விமான நிலையச் சாலை முடியும் வரை அந்தப் பக்கத்தை மூடவில்லை.

“ஆட்டம் நிக்காதுல்ல?” என்று மட்டும் கேட்டார் அவர்.

“நிக்காதுண்ணே. என் மேசையில அதுக்குத் திட்டு உண்டு. தொட்டா ஒண்ணும் ஆவாது. தமிழ்ச்செல்வி, உன் முறைதாம்மா.”

தமிழ்ச்செல்வியின் கண்கள் நிறைந்திருந்தன. அவள் பகடையை உருட்டவில்லை. அதைத் திரும்ப ரோகிணியின் முன்னால் வைத்தாள். “அக்கா, அதத் திருப்பிக் குடுங்கக்கா. மொதல்ல ஒழுங்கா வாங்கல.” சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

ரோகிணி பகடையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் பட்டன. தமிழ்ச்செல்வி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு சிறிய காரியம்தான். ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் செய்யக்கூடியவை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் விடுவதும் நாம்தான்.

ஆலன் லேப்டாப்பை மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்து அழகுபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். விதி இருந்த வரிகளை எல்லோரும் பார்க்க அழித்தான்.

“சொல்லுங்கக்கா. என்ன எழுத?”

“‘இதன் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் உண்டு. தொட்டால் ஒன்றும் ஆகாது.’”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

அவன் எழுதினான். ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பினான். “முதலாளி கேட்டா கைதவறி மாறிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்க்கா. என்னோட போகட்டும்.”

அவன் தன் வேலையையே பணயம் வைத்துச் சொல்கிறான் என்பது ரோகிணிக்குத் தெரிந்தது. “நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஆனா கைதவறின்னு சொல்லாதீங்க. ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிரும்.”

அதற்குள் ஆலனின் போன் அடித்தது. அனுப்பிய ஃபைலின் நகல் முதலாளிக்கும் போயிருந்தது. ஆலன் திரையைப் பார்த்தான், எடுக்கவில்லை.

“எடுங்க” என்றாள் ரோகிணி.

“அக்கா, அவரு கத்துவாரு.”

“கத்தட்டும். இங்க குடுங்க.”

அவள் வெறுங்கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“வணக்கம் சார். நான் மதுரையில இருந்து ரோகிணி பேசுறேன். குழிமுழுங்கி பக்கத்த மாத்தச் சொன்னது நான்தான். ஏன்னு சொல்றேன், கேட்டுக்கங்க.”