வாளிச் சத்தம்

கார்ல்டனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் உள்கூரைக்குப் பூச்சு வேலை. அண்ணாந்து நின்று பூச்சுக் கரண்டியை இழுத்து இழுத்து, கழுத்திலிருந்து முழங்கை வரை காய்ச்சிய கம்பியை இறக்கியது போல எரிந்தது. வலி மாத்திரை வாங்கத்தான் ஹடர்ஸ்ஃபீல்ட் கடைத்தெருவுக்கு வந்தான். மருந்துக்கடைக்குப் பக்கத்து இசைத்தட்டுக் கடையில் ‘கடை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. கால் தானாக உள்ளே போனது.

“தோளுக்கு என்னாச்சு கண்ணு? பொண்டாட்டி அடிச்சிட்டாளா?” என்றாள் கடைக்காரி மோரீன்.

“கூரை அடிச்சிருச்சு.”

“சிங்கிள், ஒத்தப்பாட்டு சிடி எல்லாம் அந்தக் கூடையில கெடக்கு. நாலு எடுத்தா அஞ்சாவது சும்மா. பத்து எடுத்தா உன் கால்ல விழுறேன்.”

இதே கடையில் திங்கட்கிழமை காலையில் வரிசை நின்ற காலம் ஒன்று உண்டு. ஆட்டப்பாட்டு ஒன்று வந்தால் அதற்கே இரண்டு சிடி வரும். மூலப்பாட்டு நாலு நிமிடம்தான். மீதியெல்லாம் ரீமிக்ஸ்காரர்கள் அதை உடைத்துக் கட்டியது. ஒருவன் பாடியவளின் குரலை மட்டும் வைத்துக்கொள்வான். இன்னொருவன் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் மூச்சு வாங்கும் இடத்தை மட்டும் எடுத்து அதன்மேல் ஏழு நிமிடம் எழுப்புவான். விவரம் தெரிந்தவர்கள் அட்டையின் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் யார் பெயர் என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பொடி எழுத்தில் பெயர் வந்தவனுக்குத்தான் லண்டனிலிருந்து அடுத்த வேலைக்குத் தொலைபேசி வரும். வராதவன் மறுபடி சுவர் பூசப் போக வேண்டியதுதான்.

ஆறு வருடத்துக்கு முன் கார்ல்டனும் அவன் கூட்டாளி நீலும் கார்ல்டன் வீட்டு நிலவறையில் அப்படி ஒரு ரீமிக்ஸ் கட்டினார்கள். பகலெல்லாம் பூச்சு வேலை, சாயங்காலம் இது. சத்தமெல்லாம் கார்ல்டன் செய்தான். கம்பெனிக்காரர்களிடம் பேசுவது நீல். அவனிடம் கார் இருந்தது, வாயும் இருந்தது. இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்பது பேச்சு. பாட்டை அனுப்பிக் காத்திருந்த நேரத்தில் விதி மாறியது. விற்பனைப் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் ஒரு சிடியில் மூன்று பாட்டுக்கு மேல், இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது. நீல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

“நம்மளது ஒம்பது நிமிஷம்டா. தூக்கிட்டாங்க. வேற மூணு பேரோடது நல்லாருக்காம்.”

நல்லாருக்காம் என்ற அந்தச் சொல்தான் கார்ல்டனைச் சாய்த்தது. அந்த மாதமே கருவிகளை விற்றான். மகள் ஜேடுக்குத் தொட்டில் வந்தது. அதன் பிறகு அவன் ஆட்டக்கூடங்கள் பக்கமே போகவில்லை.

இப்போது கூடையின் அடியில் அதே பாட்டின் சிடி கிடந்தது. அட்டை அதேதான், ஆனால் ஜெர்மனிக்காரன் அடித்தது. அங்கே அந்த விதி கிடையாது. ஆறு பாட்டு. ஆறாவது, நீல் ஆர்மிட்டேஜ் ரீமிக்ஸ். ஒன்பது நிமிடம்.

“மோரீன், இதைக் கொஞ்சம் போடுறியா? ஆறாவது.”

அவள் நீட்டிய ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டான். முதலில் வெறும் தாளம். அப்புறம் அது வந்தது. வெற்று வாளியில் பூச்சுக் கரண்டியால் ஓங்கி அடித்த அடி; அதன் வாலில், வாளியின் கைப்பிடி சரிந்து விழும் சின்னக் கிணுகிணுப்பு. அந்தக் கிணுகிணுப்பை வெட்டி எறி என்று அன்று நீல் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இருக்கட்டும்டா, அதுதான் உயிர் என்று விட்டுவைத்தவன் கார்ல்டன். வெட்டாமல் அப்படியே இருந்தது. பாட்டு முடியும் வரை தோள்வலி அவன் நினைவுக்கே வரவில்லை.

மாத்திரை வாங்காமல், அந்த சிடியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை. நீல் வழக்கம்போல் சமையலறையில் உட்கார்ந்து, கார்ல்டனின் மனைவி யவோன் வைத்த ஆட்டுக்கறியை வழித்துக்கொண்டிருந்தான். ஜேடுக்கு ஞானத்தகப்பன் அவன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு இங்கேதான்.

கார்ல்டன் சிடியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நீல் அதைத் திருப்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

“எங்க கெடச்சுது?”

“இது என்னன்னு கேப்பேன்னு நெனச்சேன். எங்க கெடச்சுதுன்னு கேக்குறே.”

“கேளுடா. ஜெர்மனிக்காரன் ஒரு பேருதான் போடுவேன்னான். ரெண்டு பேருன்னா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குதாம். நான் என்ன பண்ண?”

“எம்பேரைப் போடச் சொல்லிருக்கலாம்.”

நீல் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“ஜெர்மனிக்குச் சாரம் கட்டப் போறேன்னியே, பாட்டு வேலைக்கா போனே?” என்றாள் யவோன். குரல் உயரவில்லை. “ரெண்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்துக்கு நாந்தானே கொண்டு விட்டேன். குளிரும்னு இவரோட கோட்டைக் குடுத்தேன்.”

“சொல்லணும்னுதான் இருந்தேன் யவோன். நாளாக ஆக வாய் வரல.” கார்ல்டன் பக்கம் திரும்பினான். “இப்ப அதுல என்னடா இருக்கு? சிங்கிளை எவன் வாங்குறான்? அந்தக் கடையே மூடுது. செத்த பொணத்துல உம்பேரை எங்கன்னு எழுத?”

“உயிரோட இருந்தப்ப எழுதிருக்கணும்,” என்றான் கார்ல்டன். “நான் லாயக்கில்லேன்னு ஆறு வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன்டா. பக்கத்துலயே உக்காந்து தின்னுக்கிட்டு, அப்படியே நெனைக்கட்டும்னு விட்டுட்டே.”

யவோன் வந்து நீலின் தட்டை எடுத்தாள். பாதிக் கறி அதில் இருந்தது. அவன் கையிலிருந்த கரண்டியையும் வாங்கித் தொட்டியில் போட்டாள். நீல் எழுந்தான். வாசலில் ஜேடு, “அங்கிள், அடுத்த வெள்ளிக்கிழமை சாக்லெட்!” என்றாள். அவன் அவள் தலையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

சனிக்கிழமையும் வேலை இருந்தது. தோள் அப்படியேதான் எரிந்தது. கலவை தீர்ந்ததும் கார்ல்டன் காலி வாளியைத் தரையில் வைத்து, கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தான். பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது. பின்னாலேயே கைப்பிடி சரிந்து கிணுகிணுத்தது. சாரத்தின் மேலிருந்த ஆள் குனிந்து பார்த்து, “என்னப்பா, யாரைக் கூப்பிடுறே?” என்றான்.

கார்ல்டன் இன்னொரு தடவை அடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். நீல் ஆர்மிட்டேஜ் அவனுக்கு ஒரு பெயர் பாக்கி வைத்திருந்தான்.