மூன்று மூலையாக மடித்த சீட்டு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, கேட்டு வாங்கினார்கள். பத்திரிகை ஆசிரியர் சென்ற மாதம் எழுதிய கடிதத்தில், சென்னையில் எங்கே போனாலும் மாநகராட்சித் தேர்தல் முடிவுகள்தான் பேச்சு என்றும், எந்த வட்டத்தில் யார் எத்தனை ஓட்டில் கவிழ்ந்தார் என்பதை டிராமில் ஏறினவர்கள் போல நின்றுகொண்டே படிக்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார். ‘உங்கள் மலையிலும் நகரசபைத் தேர்தல் நடந்திருக்குமே. இரண்டு சம்பந்திகள் எதிரெதிராக நிற்பதாக ஒரு குடும்பக் கதை எழுதுங்களேன். கடைசியில் ராசியாகிவிடட்டும்.’

அவர் விளையாட்டாகக் கேட்டார். எங்கள் கொடைக்கானலில் அப்படியே நடந்திருந்தது, ராசியானது ஒன்றைத் தவிர.

அன்றிலிருந்து ஒன்பது தரம் தொடங்கிவிட்டேன்.

‘கொடைக்கானல் ஏரியின் மேல் பனி, மணப்பெண்ணின் முக்காடு போல—’

(அடித்துவிட்டேன். என் பதினோரு தொடர்கதைகளில் ஏழு இப்படித்தான் தொடங்குகின்றன.)

‘ஒலியுல்லா ராவுத்தருக்கும் சுல்தான் ராவுத்தருக்கும் பகை மூண்டது எப்படியென்றால்—’

(பகையே இல்லை. ஒலியுல்லாவுக்குக் கம்பளிக் கடை, சுல்தானுக்கு உருளைக்கிழங்கு, பூண்டு மண்டி. ஒலியுல்லாவின் மகள் ரபியாவை சுல்தானின் மகன் சலாமுக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை பஸ் நிலையத்துப் பக்கம் இறக்கினால் லாரி வந்து நிற்கலாம் என்றார் சுல்தான். இறக்கினால் கம்பளிக் கடைப் பக்கம் காக்கை கூட வராது என்றார் ஒலியுல்லா. அதற்காக இருவரும் ஒரே வார்டில் நின்றார்கள். பகலில் எதிரெதிராக ஓட்டுக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.)*

* பெயர்கள், கடைகள், சின்னங்கள் எல்லாம் மாற்றியவை. ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

நான் பள்ளிக்கூட ஆசிரியை. தேர்தலன்று எங்கள் பள்ளியில் பெண்கள் சாவடிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

திரை கட்டிய மூலையில் இரண்டு தகரப் பெட்டிகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒலியுல்லாவின் பெட்டியில் குடைப் படம், சுல்தானின் பெட்டியில் தராசு. வருகிறவர்களிடம் எந்த அடையாளமும் இடாத ஒரு சீட்டைக் கொடுப்போம். திரைக்குப் பின்னால் போய், விரும்புகிற பெட்டியின் வாயில் அதைப் போட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் ஓட்டு.

மூன்று மணிக்கு ரபியா தன் மாமியார் ரோஷன் பேகத்தோடு வந்தாள். மாமியார் உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அடுத்துப் போன ரபியா வெளியே வரவே இல்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பள்ளி ஆயா பொன்னுத்தாய் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“உள்ள என்ன தாயி, கண்ணாடியா மாட்டியிருக்கு? வெரசா வா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது.”

ரபியா வந்தாள். அப்போது அவள் முகம்—

(இங்கேதான் எனக்குத் தடுமாறுகிறது. என் கதாநாயகி என்றால் கண் கலங்கியிருப்பாள். இவள் கலங்கவில்லை. சுமையை இறக்கி வைத்தவளைப் போலக் கைகளை உதறிக்கொண்டு, “மணி என்ன டீச்சர்?” என்று கேட்டாள். மூன்றே கால் என்றேன். மாமிக்கு மருந்து கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இப்படிப்பட்ட பெண்ணை எழுத எனக்குப் பழக்கமில்லை.)

3

சாவடியை மூடுகிற நேரத்தில் பொன்னுத்தாய் திரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், ஒரு சீட்டு வெளியே கெடக்கு. ரெண்டு பொட்டிக்கும் நடுவுல.”

போய்ப் பார்த்தேன். பெட்டிகள் ஒட்டியிருந்த கோட்டின் மேல், பாதி குடைப் பக்கமும் பாதி தராசுப் பக்கமுமாக அது இருந்தது. மூன்று மூலையாக மடித்து, வால் நுனியை உள்ளே செருகியிருந்தது. ரோஷன் பேகம் வீட்டில் வெற்றிலையை அப்படித்தான் மடிப்பார்கள். அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம் மாமியார் ரபியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. நான் ஒருமுறை போனபோது தட்டு நிறைய அவளே மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

‘அப்போது ஜன்னல் வழியே வீசிய காற்றில் அந்தச் சீட்டு மெல்ல எழுந்து—’

(பொய். ஜன்னல் சாத்தியிருந்தது.)

‘அந்தச் சீட்டு எப்படியோ குடைப் பெட்டிக்குள்—’

(எப்படியோ இல்லை.)

நான் போட்டேன். பெட்டிக்கு வெளியே கிடக்கும் சீட்டு செல்லாது, எடுத்துத் தனி உறையில் வைக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் என் மனசில் சட்டம் ஓடவில்லை, கதைதான் ஓடியது. பாவம், பெண். அப்பாவுக்குப் போட ஆசை. புகுந்த வீட்டுக்குப் பயந்து பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என் பதினோரு தொடர்கதைகளிலும் பெண்களின் மனசு கடைசியில் அப்பா பக்கம்தான் சாயும். அவள் எழுதாமல் விட்ட வரியை நான் எழுதி முடித்தேன். விரலால் ஒரு தள்ளு.

பொன்னுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு திரையை அவிழ்த்தாள்.

4

எண்ணிக்கை மறுநாள். குடைக்கு இருநூற்று எட்டு, தராசுக்கு இருநூற்று ஏழு.

அந்தச் சீட்டு தனி உறையில் இருந்திருந்தால் இரண்டும் சமம். குலுக்கிப் போட்டிருப்பார்கள். தோற்றவர் அல்லாவின் முடிவு என்று சொல்லி அன்றைக்கே சம்பந்தியின் தோளில் கை போட்டிருப்பார்.

ஆனால் குடைப் பெட்டியைக் கொட்டியபோது மூன்று மூலைச் சீட்டு மேலாக வந்து விழுந்தது. சுல்தானின் ஆள் அதை எடுத்துக்காட்டி, “பாருங்கப்பா, வெத்திலைச் சுருள் வந்திருக்கு. சுண்ணாம்பு தடவியிருக்கான்னு பாரு,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையாக அதை மண்டியிலும் போய்ச் சொன்னான். அது அங்கிருந்து வீட்டுக்குள் போயிற்று. ரோஷன் பேகம் சிரிக்கவில்லை.

ஒரே ஓட்டில் தோல்வி. அந்த ஒரு ஓட்டு எங்கிருந்து போனது என்று மடிப்பே சொல்லிவிட்டது.

5

ரபியா இப்போது அவள் அத்தா ஒலியுல்லாவின் வீட்டில் இருக்கிறாள். ஐந்து மாதம் ஆகிறது. யாரும் அவளைத் துரத்தவில்லை. நாலு நாள் இருந்துவிட்டு வா என்று அனுப்பினார்கள், பிறகு கூப்பிடவில்லை.

எனக்கு இதைச் சொன்னவள் பொன்னுத்தாய். பள்ளிக்கூட மணியடித்துவிட்டு வந்து, என் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க போட்டதை நான் பாத்தேன் டீச்சர். யாருட்டயும் சொல்லல, எனக்கென்ன சோலி. ஆனா அந்தப் புள்ள ரெண்டு வீட்டுக்கும் இல்லாம கெடக்கு.”

அன்று மாலையே கம்பளி வாங்கப் போகிறவளைப் போல ஒலியுல்லாவின் கடைக்குப் போனேன். அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். வந்தவர்களிடம் எல்லாம் தன் மகளின் ஒரு ஓட்டில்தான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற மகள் விட்டுக்கொடுப்பாளா என்று என்னையும் கேட்டார். மகள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த ஓட்டு தன்னுடையது இல்லை என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு அவர் கடைக்குத் திரும்பியதும் ரபியா டீ கொண்டுவந்தாள். எங்களைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை.

“நான் யாருக்கும் போடலை டீச்சர். அத்தாவுக்குப் போட்டா மாமா முகத்துல முழிக்க முடியாது. மாமாவுக்குப் போட்டா அத்தா முகத்துல முழிக்க முடியாது. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வெச்சுட்டு வந்துட்டேன். சொன்னா யாரு நம்புறா? கட்டுன மச்சானே நம்பலை. மடிச்ச மடிப்பு உள்ள இருந்துச்சேங்கிறாக.”

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ஏன் டீச்சர், மேல வெச்ச சீட்டு தானா உள்ள போகுமா?”

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியவில்லை. ‘போகலாம்’ என்று சொன்னேன்.

(எழுதிவிட்டேன்.)

6

ஆசிரியர் கேட்ட முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்று: சுல்தானுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. ரபியா ஓடிவந்து பணிவிடை செய்கிறாள். எல்லாரும் அழுகிறார்கள். (செய்யாத தப்புக்கு அவள் எதற்காகப் பணிவிடை செய்து மன்னிப்பு வாங்கவேண்டும்?)

இன்னொன்று: சலாம் மழையில் நனைந்துகொண்டு வந்து, நீ யாருக்குப் போட்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்கிறான். (அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் பாவம், வாழ்நாள் முழுக்க மன்னிக்கப்பட்டவளாகவே குடித்தனம் நடத்தவேண்டும்.)

மற்றொன்று: ஆசிரியை மேலதிகாரிக்கு உண்மையை எழுதுகிறாள். (எழுதி உறையில் போட்டுவிட்டேன். ஒட்டவில்லை. வேலை போகும், கோர்ட்டுக்கும் போகலாம். ஒலியுல்லாவின் பதவியும் ஆட்டம் காணும். தினமும் அந்த உறையை இந்தப் புத்தகத்திலிருந்து அந்தப் புத்தகத்துக்கு மாற்றி வைக்கிறேன்.)

ஒரு கதாபாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து பார்க்க எழுதுகிறவளுக்கு உரிமை உண்டு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தத் திரை எனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருந்தது. ரபியா யார் பக்கமும் சாயாமல் இருக்க முடிவு செய்திருந்தாள். அதுதான் அவளுடைய ஓட்டு. அதை நான் செல்லாததாக்கினேன்.

7

மாற்றாமல் வைத்தது அந்த மூன்று மூலை மடிப்பைத்தான்.

ஏனென்றால், எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முன்பு மருமகள் என் கதைகளை வாசித்துக் காட்டுவாள். இப்போது மகன் வாசிக்கிறாராம். அழுகிற இடத்தையெல்லாம் அவன் வேகமாக ஓட்டிவிடுகிறான் என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொள்வதாகப் பொன்னுத்தாய் சொன்னாள்.

தம்பி, உங்கள் பெயர் சலாம் இல்லை. ஆனால் வெற்றிலை மடிப்பு என்ற இடம் வந்தபோதே உங்கள் குரல் தடுக்கியிருக்கும். உங்கள் அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்திருப்பார். இதுவரை எப்படி வாசித்திருந்தாலும் சரி, இந்த ஒரு வரியை மட்டும் அவர் காதில் விழும்படி நிதானமாக வாசியுங்கள்.

சீட்டைப் பெட்டிக்குள் போட்டது நான். உங்கள் மனைவி சொன்னதெல்லாம் உண்மை.

கதைதானே, கதையில் ஆயிரம் எழுதுவார்கள் என்று உங்கள் அத்தா சொல்லக்கூடும். நம்பிக்கை இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள். வருகிறவர் முன்னால் உறையை ஒட்டுகிறேன்.

மற்றவர்களுக்கு இந்தக் கதை இங்கே முடிந்துவிட்டது. ராசியானார்களா என்று எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியாது. இன்னொருவர் முடிக்கவேண்டிய வரியை மறுபடியும் நான் முடிக்கப் போவதில்லை.

தம்பி, நீங்கள் பத்திரிகையை மடித்து வைக்கிறீர்கள். உங்கள் அம்மா நிமிர்ந்து பார்த்து,